ஜான்சிக்கு வந்த மெயில்கள்

ஜான்சிக்கு வருகிற மெயில்களைத் திறந்து படிக்கும் வேலையைச் சிந்துஜாவுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டது. எப்படி எடுத்துக்கொண்டாள் என்று பின்னாளில் யோசித்தபோதெல்லாம், முதல் நாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

2004 ஜூன் மாதம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்த கையோடு, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். சொந்த ஊர் பெண்ணாடம். அப்பா கோவிந்தசாமி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர் ஓட்டினார். அம்மா தில்லையம்மாள் கரும்பு வெட்டப் போவாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் சிந்துஜாதான். அதனால் அவள் எந்த வேலைக்குப் போனாலும் அது என்ன வேலை என்று வீட்டில் விளக்க வேண்டியிருந்தது.

"இன்டர்நெட்டுல பேரு பதிஞ்சி குடுக்குறம்மா."

"பேரயா? அவனவன் பேரு அவன்கிட்டதான்டி இருக்குது. அதப் போயி எப்பிடி விக்கிறது?"

"அது வேற பேரும்மா. கடைக்கு விலாசம் மாதிரி."

"விலாசத்துக்குப் போஸ்ட்மேன்கிட்ட காசு குடுப்பாங்களா யாராச்சும்?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தாள். உண்மையில் சிந்துஜாவுக்கே அது முழுசாகப் பிடிபட்டிருக்கவில்லை. உலகத்தில் வேறு யாரும் எடுத்திராத ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டினால் ஒரு வருஷம் அது உங்களுடையது. அடுத்த வருஷம் மறுபடி கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் கொஞ்ச நாள் காத்திருப்பார்கள், பிறகு அந்தப் பெயரைக் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கடையின் சொந்தக்காரன் சிலம்பரசன், மும்பைக் கம்பெனி ஒன்றிடம் இதற்கு ஏஜென்சி எடுத்திருந்தான். லாட்ஜ்காரர்கள், கோச்சிங் சென்டர்காரர்கள், பாத்திரக்கடைக்காரர் ஒருவர் என்று மாதத்துக்கு நாலைந்து பேர் வந்தார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. மெயில் இல்லாமல் பெயர் பதிய முடியாது. எனவே ஒவ்வொருவருக்கும் சிந்துஜாவே ஒரு மெயில் பெட்டி திறந்து, அதன் சாவியை, அதாவது பாஸ்வேர்டை, ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். மும்பையிலிருந்து "இது நீங்கள்தானா, சம்மதமா?" என்று மெயில் வரும். அந்த ஆள் ஊரில் கடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் இங்கே உட்கார்ந்து "நான்தான், சம்மதம்" என்று அமுக்குவாள். அது தவறு என்று அவளுக்கோ அவர்களுக்கோ தோன்றியதில்லை. மணியார்டர் பாரத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை நிரப்பிக் கொடுப்பதில்லையா, அது போலத்தான். நோட்டில் நூறு பேருக்கு மேல் சேர்ந்த பிறகும், தனக்கென்று ஒரு பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை லூர்துசாமி வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்தை ஒட்டி இரண்டு வேன்கள் நிறுத்தி வாடகைக்கு விடுகிறவர். சிதம்பரம் கோயிலுக்குச் சவாரி கொண்டுவந்திருந்தார். ஆட்கள் சாமி கும்பிட்டு வர நேரமாகும் என்று, கூட வந்த மகளோடு இந்தப் பக்கம் வந்தவர், போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். பாண்டிச்சேரிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இன்டர்நெட்டில் பார்த்துத்தான் வண்டி பிடிக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஜான்சி டூர்ஸ்னு இருக்குதா பாரும்மா."

இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"யாரு பேர்ல பதியிறதுண்ணே?"

"பாப்பா பேர்லதான். வண்டில எழுதியிருக்கிறது அவ பேரு. வூட்டு மனை அவ பேர்ல. போஸ்டாபீசுல போட்டது அவ பேர்ல. இத மட்டும் எம் பேர்ல போட்டா வெளங்குமா?"

"பதினெட்டு வயசு ஆவணும்ணே இதுக்கு."

"எனக்குப் பதினொண்ணு முடிஞ்சிடுச்சுக்கா," என்றாள் ஜான்சி, அது போதுமே என்பது போல. இரட்டைப் பின்னல். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அரை வட்டம் போவதும் வருவதுமாக இருந்தாள்.

சிலம்பரசன் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தான். "போடு சிந்து. கம்ப்யூட்டரு என்னா பர்த் சர்டிபிகேட்டா கேக்கப்போவுது?"

முதல் பெயர் ஜான்சி. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் லூர்துசாமி. மஞ்சக்குப்பம் விலாசம், லூர்துசாமியின் போன் நம்பர். விதிகளுக்குச் சம்மதம் என்ற இடத்தில் ஜான்சியே அமுக்கினாள். அமுக்கிவிட்டுத் திரும்பி, "இப்ப இது எனக்காக்கா?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான். ஒரு வருஷத்துக்கு."

"அப்புறம்?"

"உங்கப்பா மறுபடி பணம் கட்டணும்."

"கட்டலன்னா?"

"வேற யாராச்சும் எடுத்துக்குவாங்க."

"எம் பேரயா?" ஜான்சி நாற்காலியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "ப்பா, கட்டிடுவதான?"

"அது என்னா அப்பிடிக் கேட்டுட்ட," என்றார் லூர்துசாமி.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், விருந்துக்கு வந்திருந்த சித்தி பிள்ளைகளோடு ஜான்சி சில்வர் பீச்சுக்குப் போனாள். போனவர்கள் நாலு பேர். திரும்பி வந்தவர்கள் மூன்று பேர்.

சிந்துஜாவுக்கு இது தெரியாது. கடல் பொங்கியதும் ஊர் ஊராகச் சனம் செத்ததும் தெரியும். ஜான்சி கடலோரத்துப் பிள்ளை இல்லையே, மஞ்சக்குப்பத்துப் பிள்ளை. ஜனவரி கடைசியில், வெப்சைட்டில் போட வேன் போட்டோ கேட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். லூர்துசாமியின் மனைவி மதலைமேரி எடுத்தார்.

"ஜான்சி டூர்ஸுங்களா? ஜான்சி இருக்காளா?" என்று வேடிக்கையாகத்தான் கேட்டாள் சிந்துஜா.

"பாப்பா இல்லம்மா."

"ஸ்கூலுக்குப் போயிட்டாளா?"

"அவ இல்லம்மா," என்றார் மதலைமேரி மறுபடியும். பிறகு போனை வைத்துவிட்டார். சிலம்பரசன் யாரிடமோ விசாரித்து வந்து சொன்ன பிறகுதான், தான் கேட்ட கேள்வி சிந்துஜாவுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அது அவள் காதிலேயே இருந்தது. பஸ்ஸில் போகும்போதும், தங்கியிருந்த ஹாஸ்டல் குழாயடியில் பக்கெட் நிரம்பக் காத்திருக்கும்போதும், ஸ்கூலுக்குப் போயிட்டாளா, ஸ்கூலுக்குப் போயிட்டாளா என்று தன் குரலிலேயே கேட்கும்.

2005 ஆகஸ்ட்டில் அந்த மெயில் வந்தது. எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை வருகிற மெயில்தான். மும்பைக் கம்பெனியின் இயந்திரம் அனுப்புவது. அன்புள்ள ஜான்சி லூர்துசாமி, உங்களைப் பற்றிய தகவல்கள் கீழே உள்ளன. பெயர், விலாசம், தொலைபேசி. சரிபார்க்கவும். தவறு இருந்தால் திருத்தவும். எல்லாம் சரியாக இருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து லூர்துசாமியே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பணத்தை மேசைமேல் வைத்தார். அந்தச் சுழல் நாற்காலியில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாப்பாவுக்கு ஏதாச்சும் வந்துருக்காம்மா?"

சிந்துஜாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, பொய் சொல்ல முடியாமல், "ஒரு மெயில் வந்துருக்குண்ணே," என்றாள். தமிழில் வாசித்துக் காட்டினாள். கடைசி வரியை வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

லூர்துசாமி யோசித்தார். "சரியாத்தான் இருக்குது. எதுவும் செய்யாத," என்றார்.

பிறகு ஒவ்வொரு ஆகஸ்ட்டும் அவர் வந்தார். அதே கேள்வி, அதே மெயில், அதே பதில். காணாமல் போனவர்களுக்கும் இறப்புச் சான்று தருகிறோம், விண்ணப்பம் கொடுங்கள் என்று தாலுகா ஆபீசில் சொன்னபோது எழுந்து வந்துவிட்டார் என்று சிலம்பரசன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஊரெல்லாம் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோகும். பிள்ளைக்காக ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வைக்கிறேன் என்று மதலைமேரி கேட்டால், "யாருக்கு? யாரு செத்தா?" என்பாராம். அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு நடக்காதாம்.

சிந்துஜா நினைத்துக்கொண்டாள்: அவர் சொல்வதை அவர் சொல்கிறார். ஆனால் வருஷாவருஷம் எதுவும் செய்யாமல் இருப்பது நான்தானே.

ஜான்சியின் பெட்டி மட்டும் வளர்ந்தது. இன்டர்நெட்டில் பெயர் பதிந்தவர்களின் விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்து யார் யாரோ எழுதினார்கள். லாட்டரி விழுந்திருக்கிறது ஜான்சி. ஜான்சி, உன் தோழிகள் உன்னைத் தேடுகிறார்கள். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் ஜான்சி. 2008-இல் முதல் வரன் வந்தது. நல்ல குடும்பம், சொந்த வீடு என்று. அவளுக்கு அப்போது பதினைந்து நடந்துகொண்டிருந்தது என்று சிந்துஜாவின் மனது தானாகக் கணக்குப் போட்டது. நடந்துகொண்டிருந்தது என்றால் யாருக்கு?

அவள் ஒரு மெயிலையும் அழிக்கவில்லை. காலையில் கடைக்கு வந்ததும் ஊதுவத்தி கொளுத்துகிறாளோ இல்லையோ, அந்தப் பெட்டியைத் திறந்துவிடுவாள்.

2009 ஜூனில் ஒரு மனிதர் எழுதிய மெயில் வந்தது. இயந்திரம் எழுதியது இல்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. பினாங்கிலிருந்து ராமாமிர்தம் என்பவர். தாத்தா காலத்தில் சீர்காழிப் பக்கமிருந்து போன குடும்பம். டிராவல் ஏஜென்சி ஆரம்பிக்கிறார். மகள் பெயரைத்தான் வைக்க நினைக்கிறார். அவர் மகள் பெயரும் ஜான்சி. இந்தப் பெயரை விற்பீர்களா?

வாடிக்கையாளரிடம் கேட்டிருக்க வேண்டும். ஒரு போன் போட்டு, "அண்ணே, பாப்பா பேர வெலைக்குக் கேக்குறாங்க" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைச் சிந்துஜா மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். வாயால் வராது என்று தெரிந்தது. மறுத்து ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைத்து, ஜான்சியின் பெட்டியிலிருந்தே, கால் நுனியில் நடக்கிற மாதிரியான தன் ஆங்கிலத்தில் எழுதினாள். இது என் பெயர். எனக்குப் பதினொரு வயதில் என் அப்பா வாங்கிக் கொடுத்தது. விற்பதற்கில்லை. மன்னிக்கவும் அங்கிள்.

மறுநாளே பதில் வந்தது. நல்ல பிள்ளை. அப்படியே வைத்துக்கொள். நீ என்ன படிக்கிறாய் அம்மா?

அந்தக் கேள்வியை அவள் மூன்று நாள் அப்படியே விட்டு வைத்திருந்தாள். நாலாம் நாள் எழுதினாள்: பத்தாவது பாஸ் பண்ணிவிட்டேன். 451 மார்க். கணக்கில் 98.

அனுப்பிய பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவில், இத்தனை வருஷமாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது போலவும் இருந்தது. ஆமாம், ஸ்கூலுக்குத்தான் போயிருக்கிறாள்.

இரண்டு வருஷத்தில் அப்படி ஒன்பது கடிதங்கள். ஜான்சி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சைக்கிள் வாங்கினாள். மழையில் மஞ்சக்குப்பம் மைதானம் குளமாகிவிட்டது என்று எழுதினாள். பன்னிரண்டாவது பாஸ் பண்ணினாள். மேலே பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கப் போவதாக எழுதினாள். அந்த வரியை அடித்த பிறகுதான் சிந்துஜாவுக்கு ஒன்று விளங்கியது. தன் வாழ்க்கையைத் தவிர வேறொன்றை அந்தப் பிள்ளைக்கு நினைத்துப் பார்க்கக்கூடத் தனக்குத் தெரியவில்லை. படித்து என்ன கண்டோம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். நீள நோட்டில் நூற்றி நாற்பது பேருக்காகச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருத்தியாகவே ஆகிவிட்டேனே.

2011 ஜூலையில் ராமாமிர்தம் எழுதினார். இப்போது உனக்குப் பதினெட்டு ஆகியிருக்குமே, சட்டப்படி நீயே கையெழுத்துப் போடலாம். படிப்புச் செலவுக்கும் உதவும். பெயரைக் கொடுப்பதைப் பற்றி மறுபடி யோசித்துச் சொல். பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் சிந்துஜா பெட்டியை மூடினாள். பதில் போடவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு மெயிலுக்கும் போடவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம், மத்தியானம், கடையில் யாரும் இல்லை. பிரவுசிங் படுத்துவிட்டது. ஜெராக்ஸும் ஆன்லைன் அப்ளிகேஷனும்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஆட்டோ வந்து நின்றது. லூர்துசாமியும், அவர் பின்னால் மதலைமேரியும் இறங்கினார்கள். மதலைமேரி அங்கே வருவது அதுதான் முதல் தடவை. லூர்துசாமி சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"சிந்து, பாப்பா லெட்டர் போட்டுருக்காம்மா!"

சிந்துஜா எழுந்து நின்றுவிட்டாள்.

"பினாங்குலருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. உங்க பொண்ணு ஜான்சிகிட்ட பேசணும், பதிலே போடல, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேக்குறாரு. ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டிருக்காளாம்மா. பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டாளாம்!" அவருக்கு மூச்சு வாங்கியது. "எந்த ஊருலருந்து போட்டான்னு கம்ப்யூட்டருல கண்டுபுடிக்கலாமாமே. எங்க வண்டி டிரைவரு சொன்னான். பாரும்மா, சீக்கிரம் பாரு. வண்டிய எடுத்துக்கிட்டு ராத்திரிக்குள்ள போயிடுவேன், எந்த ஊரா இருந்தாலும்."

மதலைமேரி சிந்துஜாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கருந்துதாண்ணே," என்றாள் சிந்துஜா.

"இங்கருந்தா?" லூர்துசாமி கடையைச் சுற்றிப் பார்த்தார். தட்டி மறைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சுழல் நாற்காலியைப் பார்த்தார். "இங்க வந்தாளா? எப்பம்மா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான்தாண்ணே எழுதுனேன்."

அவருக்கு அது போய்ச் சேரவில்லை. "நீ எதுக்கும்மா எழுதப்போற," என்றார்.

"நான்தாண்ணே. எல்லாத்தையும். அவ மாதிரி."

சிலம்பரசன் கல்லாவை விட்டு எழுந்தான். "என்னா சிந்து பண்ணி வெச்சிருக்க?" என்றான் அடித்தொண்டையில். போய் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

லூர்துசாமி மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அடிப்பார் என்றுதான் சிந்துஜா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

"படி," என்றார் மதலைமேரி.

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க, நான்..."

"அது கெடக்கட்டும். என்னா எழுதுனியோ அத படி. மொதல்லருந்து."

சிந்துஜா படித்தாள். ஆங்கிலத்தைத் தமிழாக்கி, ஒவ்வொன்றாக. சைக்கிள் வந்தபோது மதலைமேரி தலையசைத்தார். மைதானம் குளமான இடத்தில், "ஆமா, அந்த வருஷம் அப்பிடித்தான் பேஞ்சிது," என்றார். 451 மார்க் என்றபோது நிறுத்தச் சொன்னார்.

"கணக்குல எவ்ளோ?"

"தொண்ணூத்தெட்டுக்கா."

மதலைமேரியின் வாயிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "தொண்ணூத்தெட்டா? யம்மாடி, அவளுக்குக் கணக்கே வராதும்மா. அஞ்சாவதுல ரெண்டு வாட்டி மிஸ்ஸு என்ன வரச் சொல்லி வெச்சி ஏசுனாங்க." பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அடங்கிய பிறகு சொன்னார்: "கம்ப்யூட்டரும் இல்ல. போலீசாவணும்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தா. இது எம் பொண்ணு இல்லம்மா. நீ எழுதுனது வேற யாரோ."

அந்தச் சொல் விழுந்ததும் லூர்துசாமி தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேட்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும். வெளியே தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். பிறகு லூர்துசாமி கேட்டார்.

"அந்த மெயிலு இந்த வருஷம் வந்துச்சா?"

"முந்தா நாள் வந்துச்சுண்ணே."

"சரியா இருந்தா எதுவும் செய்ய வேணாம்."

"ஆமாண்ணே."

"சரியா இல்லன்னா என்னா செய்யணும்?"

"மாத்தணும்ணே. சொந்தக்காரங்க பேர."

"மாத்து," என்றார். "இவ பேர்ல போடு."

முதல் பெயர் மதலைமேரி. கடைசிப் பெயர் லூர்துசாமி. விலாசம் அதேதான். மாற்றிவிட்டு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் ஜான்சியின் பெட்டிக்கு மெயில் வந்தது. அன்புள்ள ஜான்சி, உங்கள் பெயரில் உள்ளதை மதலைமேரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குச் சம்மதமா?

சிந்துஜா மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "இத நான் அமுக்க மாட்டண்ணே. இனிமே என்னால முடியாது."

லூர்துசாமியும் எழவில்லை. மதலைமேரிதான் சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க அமுக்கணும்?" என்று கேட்டார். சிந்துஜா காட்டிய இடத்தில் மௌஸைக் கொண்டுவர அவருக்கு நேரம் பிடித்தது. அம்பு இங்கும் அங்கும் ஓடியது. நிலைக்கு வந்ததும் ஒரு விரலால் அழுத்தினார்.

நன்றி, ஜான்சி என்று திரையில் வந்தது.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி சிந்துஜா கடலூருக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றாள். உள்ளே போகிற உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கல்லறை இல்லாதவர்களுக்காகப் பெரிய சிலுவையின் அடியில் சனங்கள் மெழுகுவத்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். மதலைமேரி அங்கே குனிந்து நின்றது தெரிந்தது. காற்றில் அணைந்து அணைந்து, மூன்றாவது தடவைதான் பற்றியது. லூர்துசாமி கை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது அவர் சிந்துஜாவைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்றார். அவளை மன்னித்துவிட்டதாகவோ இல்லையென்றோ சொல்லவில்லை.

"பினாங்குக்காரரு மறுபடி போன் பண்ணாரு. பாப்பா எப்பிடி இருக்குதுன்னு கேக்குறாரு. எனக்கு வாய் வரல. நீயே எழுதிடு." நாலடி போனவர் நின்று திரும்பினார். "உம் பேர்ல எழுது."

அவளுடைய சொந்த மெயில் பெட்டி வேலைக்கு விண்ணப்பம் போடக் காலேஜில் திறந்தது. பாஸ்வேர்ட் நினைவுக்கு வரவில்லை. நூற்றி நாற்பது பேருடையது நோட்டில் இருந்தது, அவளுடையது இல்லை. புதிதாக ஒன்று திறந்து எழுதினாள். என் பெயர் சிந்துஜா. ஜான்சி 2004 டிசம்பரில் கடலில் போய்விட்டாள். உங்களுக்கு எழுதியதெல்லாம் நான். காரணம் சொல்லிப் பார்த்தாள். சொன்னதெல்லாம் பொய் போலப் பட்டது. அழித்துவிட்டு அந்த மூன்று வரிகளை மட்டும் அனுப்பினாள்.

பதில் 2012 பொங்கல் கழிந்துதான் வந்தது. கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. ராமாமிர்தம் ஒரே ஒரு விஷயம் கேட்டிருந்தார். அந்தக் கடிதங்களை என் மகளும் படித்துக்கொண்டிருந்தாள். தன் பெயரிலேயே இந்தியாவில் ஒரு தோழி இருக்கிறாள் என்று ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அவளிடம் நான் என்ன சொல்ல?

சிந்துஜா பல வாரம் அதைத் திறந்து திறந்து மூடினாள். சில காலைகளில் கை தானாக ஜான்சியின் பெட்டி விலாசத்தை அடிக்கும், பாதியில் நிறுத்துவாள். கடைசியில் ஒரு நாள் எழுத உட்கார்ந்தாள். மார்க், சைக்கிள், மைதானம் எல்லாம் என்னுடையவை, அவளுடையவை இல்லை என்று முதலில் எழுதினாள். பிறகு தனக்குத் தெரிந்த ஜான்சியை எழுதினாள். அது மொத்தம் முக்கால் மணி நேரம்தான். இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். சுழல் நாற்காலியில் அரை வட்டம் போய்ப் போய் வந்தாள். பதினொன்று முடிந்துவிட்டது என்றாள். பணம் கட்டாவிட்டால் என் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். அவளுக்குக் கணக்கு வராது என்றும் போலீசாக ஆசைப்பட்டாள் என்றும் அவள் அம்மா சொன்னார். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். இவ்வளவுதான் உண்மை.

கீழே சிந்துஜா கோவிந்தசாமி என்று போட்டாள். பெயரை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பினாள்.